இலங்கையின் டெஸ்ட் கணக்கை ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதிப் பார்த்தேன்

மூன்று மாதமாக இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் இதற்கே போகிறது. இலங்கை அணி ஆடிய டெஸ்ட் போட்டிகள் எல்லாவற்றையும் எதிரணிவாரியாகப் பிரித்துக் கையால் எழுதுவதுதான் வேலை. "அதுதான் நெட்டில கிடக்கே" என்று வீட்டில் கேட்டார்கள். கிடக்கிறது, ஆனால் பார்த்தால் பத்து நிமிடத்தில் மறந்துவிடுகிறேன். எழுதினால் மறப்பதில்லை.

கணினியில்தான் தொடங்கினேன். முதல் கிழமை எக்செலில் ஐம்பது போட்டி ஏற்றிவிட்டு, ஆண்டுவாரியாக அடுக்கலாம் என்று ஒரு நிரலை மட்டும் தெரிவுசெய்து அடுக்கினேன். ஆண்டுகள் ஒழுங்காக நின்றன, எதிரணிகளும் முடிவுகளும் இருந்த இடத்திலேயே நின்றன. 1982இல் மேற்கிந்தியத் தீவுகளை வென்றிருக்கிறோம் என்று திரை காட்டியது. அவர்களோடு முதல் டெஸ்ட் ஆடவே 1993 டிசம்பர் வரை, மொரட்டுவை வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. கவனிக்காமல் சேமித்தும் விட்டேன். அடுத்த நாளே புறக்கோட்டைக்குப் போய் தடித்த சி.ஆர். கொப்பி ஒன்றும் பச்சை, சிவப்பு, நீலப் பேனைகளும் வாங்கிவந்தேன்.

டெஸ்டில் எதிரணிகள் பதினொன்று. ஆளுக்குச் சில பக்கங்கள். அடிமட்டம் வைத்து நிரல்கள்: ஆண்டு, மைதானம், உள்ளூரா வெளியூரா, முடிவு. வெற்றிக்குப் பச்சையில் 'வெ', தோல்விக்குச் சிவப்பில் 'தோ', சமநிலைக்கு நீலத்தில் 'ச'. இந்த 'ச'தான் காலை வாரியது.

அப்பா ஒரு பிஸ்கட் டின்னில் பழைய பத்திரிகை நறுக்குகளைச் சேர்த்து வைத்திருந்தார். நம்முடைய விளையாட்டுப் பக்கங்களில் ஐந்து நாள் ஆடி முடிவில்லாமல் போனாலும் (டிரா) 'சமநிலை', இரண்டு அணியும் ஒரே ஓட்ட எண்ணிக்கையில் முடித்தாலும் (டை) 'சமநிலை'. நானும் டிராவுக்கு ஒரு நிரல், டைக்கு ஒரு நிரல் போட்டுவிட்டு, 'சமநிலை' என்று இருந்ததையெல்லாம் டையிலும் 'வெற்றிதோல்வியின்றி' என்று இருந்ததை மட்டும் டிராவிலும் எழுதிக்கொண்டே போயிருக்கிறேன். ஏ.எல். படிக்கும் மருமகன் வந்து பார்த்தான்.

"மாமா, டெஸ்டில இலங்கைக்கு ஒரு டைகூட இல்லையே. நீங்கள் என்னெண்டு ஒன்பது எழுதி வச்சிருக்கிறியள்?"

உலகத்திலேயே டெஸ்டில் டை இரண்டுதான், 1960 பிரிஸ்பேன், 1986 சென்னை. இரண்டிலும் நாம் இல்லை. ஒன்பது இடத்தில் வெள்ளை மை பூசினேன். அந்தப் பக்கங்கள் இப்போதும் ஒட்டிக்கொள்கின்றன.

இங்கிலாந்துப் பக்கத்தின் முதல் வரி 1982 பெப்ரவரி, பி.சரவணமுத்து மைதானம், 'தோ'. பந்துல வர்ணபுர தலைமையில் நம் முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் நாம் 218, அவர்கள் 223. அதுவரை நன்றாகத்தான் இருந்தது. இரண்டாவதில் அவர்களுடைய பந்துவீச்சாளர் எம்புரி 33 ஓட்டத்துக்கு 6 விக்கெட் எடுக்க, 175க்குச் சுருண்டு ஏழு விக்கெட்டால் தோற்றோம். இந்தியப் பக்கத்தில் முதல் 'வெ' 1985 செப்டெம்பர், அதே மைதானம், 149 ஓட்டம். விக்கெட் காப்பாளர் அமல் சில்வா ஒரு சதமும் அடித்து ஒன்பது பேரையும் ஆட்டமிழக்கச் செய்த போட்டி. மறுநாள் நாட்டுக்கே விடுமுறை. பங்களாதேஷ் பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு 'தோ', 2017 மார்ச், அவர்களுடைய நூறாவது டெஸ்ட். மைதானம்? அதுவும் அதேதான்.

மூன்று வெவ்வேறு பக்கங்களில் ஒரே பெயரை எழுதியபிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. ஒரு ஞாயிறு வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் பொரளைக்குப் போய், அங்கிருந்து த்ரீவீலில் வனாத்தமுல்லைக்குப் போனேன். சாரதியிடம் "சரவணமுத்து மைதானம்" என்றால் புரியவில்லை, "ஓவல்" என்றதும் புறப்பட்டார். தமிழ் யூனியன் கழகத்தின் சொந்த மைதானம். 1948இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குப் போகும் வழியில் ஆடிவிட்டுப் போனதும் இங்கேதான். அன்று ஆடுகளத்தின் நீளம் இரண்டு யார் குறைவாக, இருபது யார்தான் இருந்ததாம். அளந்தவர் யாரோ, என்னைப்போலக் கணக்கில் பிழை விட்டவர். வாயிற்காவலர் ஐந்து நிமிடம் உள்ளே நிற்க விட்டார். சின்னப் பையன்கள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அவுஸ்திரேலியப் பக்கத்தை எழுத ஆசையாக இல்லை. வெற்றி மொத்தம் 5, ஐந்தும் இந்த மண்ணில்: 1999 கண்டி, 2016இல் வரிசையாக மூன்று, 2022 காலி. அங்கே போய் ஆடிய 15இல் 13 தோல்வி, 2 டிரா. சிவப்புப் பேனை அந்தப் பக்கத்திலேயே முடிந்துபோனது. இந்தியாவோடு 7 வெற்றி, அவையும் உள்ளூரில்தான். இந்திய மண்ணில் இன்னும் பூச்சியம். சிம்பாப்வேயிடம் ஒன்றுகூடத் தோற்றதில்லை. அயர்லாந்து, ஆப்கானிஸ்தான் பக்கங்கள் ஒரு தேநீருக்குள் முடிந்தன.

உள்ளூர் நிரலில் 1987 ஏப்ரலுக்குப் பிறகு ஒரு வெறுமை வந்தது. எதையோ தவறவிட்டுவிட்டேன் என்று இரண்டு இரவு தேடினேன். தவறவிடவில்லை. நியூசிலாந்து அணி கொழும்பு கிரிக்கெட் கழகத்தின் (சி.சி.சி.) மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தது, பிரெண்டன் குருப்பு தன் முதல் டெஸ்டிலேயே ஆட்டமிழக்காமல் 201 அடித்தார். புறக்கோட்டை பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தது, அவர்கள் மிச்சப் போட்டிகளை விட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த உள்ளூர் டெஸ்ட் 1992 ஆகஸ்டில், அவுஸ்திரேலியாவோடு. அதுவும் எப்படி? கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் முதல் இன்னிங்ஸில் 547 அடித்து, கடைசியில் 181 எடுத்தால் வெற்றி என்றிருக்க, 164க்கு எல்லோரும் வெளியே. கடைசி மூன்று விக்கெட்டையும் எடுத்தவர், அப்போது யாருக்கும் தெரியாத ஷேன் வோர்ன். அப்பாவுக்கு அந்தப் போட்டியின் பேரைச் சொன்னால் இன்றைக்கும் முகம் மாறும். "அதை எழுதாட்டி என்ன?" என்றார். எழுதினேன்.

பாகிஸ்தான் பக்கம்தான் கொப்பியிலேயே அதிகம் அடித்துத் திருத்திய பக்கம். முதலில் இடம். அவர்களுக்கு 'உள்ளூர்' என்று சொல்லப்பட்ட தொடர்கள் அபுதாபியிலும் துபாயிலும் சார்ஜாவிலும் நடந்திருக்கின்றன. 2017இல் அங்கே 2-0 என்று வென்றோம். அதை வெளியூர் வெற்றி என்பதா? பொது இடம் என்று ஓரத்தில் புதிதாக ஒரு கோடு இழுத்தேன். இரண்டாவது, லாகூர், 2009 மார்ச். நாம் 606, திலான் சமரவீர 214. பாகிஸ்தான் ஒரு விக்கெட்டுக்கு 110. மூன்றாம் நாள் காலை மைதானத்துக்குப் போகும் வழியில் அணியின் பஸ் சுடப்பட்டது. 214 அடித்தவருக்குத் தொடையில் குண்டு. போட்டி அத்தோடு நின்றது. பதிவேடு இதை டிரா என்கிறது, மழையால் நின்ற போட்டியையும் அதே எழுத்தால்தான் எழுதுகிறது. நீலப் பேனையை எடுத்து, வைத்து, கடைசியில் பென்சிலால் எழுதினேன். விதிப்படி சரிதான், ஆனால் நீல மையில் எழுதக் கை வரவில்லை.

தென்னாபிரிக்காவில் ஒரே ஒரு வரிக்குப் பச்சையில் இரண்டு முறை கோடிட்டிருக்கிறேன். 2019 டேர்பன், இலக்கு 304, குசல் பெரேரா ஆட்டமிழக்காமல் 153, விஷ்வ பெர்னாண்டோவோடு கடைசி விக்கெட்டுக்கு 78. ஒரு விக்கெட் வெற்றி. விஷ்வ அடித்தது 6 ஓட்டம்தான் என்று மருமகன் சேர்க்கச் சொன்னான்.

சரி, டெஸ்ட் முடிந்தது. இந்தக் கிழமை ஒருநாள் போட்டிகளுக்கு இரண்டாவது கொப்பி திறந்தேன், முதல் இரவே தலையிடி. 1996 உலகக் கிண்ணத்தில் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வரமாட்டோம் என்றன. புள்ளிகள் நமக்குக் கிடைத்தன, ஆனால் அந்த இரண்டும் வெற்றிக் கணக்கில் சேராது. அதே தொடரில் ஈடன் கார்டன் அரையிறுதி, ரசிகர்கள் குழப்பம் செய்ததால் இந்தியா 8 விக்கெட்டுக்கு 120இல் நிற்க நமக்குக் கொடுக்கப்பட்டது. அது சேரும், ஏனென்றால் அது ஆடப்பட்ட போட்டி.

அதைவிடக் கொடுமை 2002 சாம்பியன்ஸ் கிண்ண இறுதி, பிரேமதாச மைதானம். முதல் நாள் நாம் 50 ஓவர் ஆடி 244, இந்தியா இரண்டு ஓவர் ஆட மழை. மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடராமல் புதிதாகத் தொடங்கினார்கள். மறுபடி நாம் 50 ஓவர், 222, மறுபடி மழை. கிண்ணம் இருவருக்கும் பாதி. ஒரே இறுதிப் போட்டி, பதிவேட்டிலோ 'முடிவில்லை' என்று இரண்டு வரிகள். நான் இரண்டு வரி விட்டுவைத்திருக்கிறேன். ஒரு வரி போதும் என்று மருமகன் சண்டை பிடிக்கிறான். சனிக்கிழமை வருவான், அதுவரை அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும்.