ஒன்பதாம் நாள் பூ

சிங்கப்பூருக்கு வந்த முதல் வருஷம், சித்திரை பிறந்த அன்று அம்மா ஃபோனில் கேட்ட முதல் கேள்வி, "அங்க வேப்பம்பூ கெடைச்சுதாடி?" தேக்காவில் காய்ந்த பூ பொட்டலமாகக் கிடைத்தது, பச்சடியும் வைத்துவிட்டேன். ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பூ வாசலில் கொட்டிக் கிடக்கும், பெருக்கப் பெருக்க உதிரும், வெயில் காலம் வந்துவிட்டது என்று அதன் மணமே சொல்லிவிடும். இங்கே எப்போது பார்த்தாலும் அதே பச்சை, அதே புழுக்கம். மரத்தைப் பார்த்து மாதம் சொல்ல முடியாத ஊரில் எப்படிக் காலம் தள்ளப் போகிறோமோ என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

அந்தப் பயத்தைப் போக்கியது எதிர்வீட்டு அக்கா. இங்கேயே பிறந்து வளர்ந்தவர். ரெண்டு வாரம் மழையே இல்லாமல் காய்ந்து, ஒருநாள் மத்தியானம் இடி மின்னலோடு கொட்டித் தீர்த்து ஊரே சில்லென்று ஆகியிருந்தது. வராந்தாவில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர், "இன்னிலேர்ந்து ஒம்பது நாள் எண்ணிக்கிட்டே வாம்மா, பஸ் ஸ்டாப் மரத்துல பூ பூக்கும்" என்றார். சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், அந்தத் தூங்குமூஞ்சி மரத்தின் கிளையெல்லாம் வெள்ளை வெள்ளையாக ஆர்க்கிட் பூக்கள். மரத்தின் மேல் ஒட்டி வளரும் செடி அது. ஒரு தண்டு தாழ்வாகத் தொங்கியது, கிட்டப் போய்ப் பார்த்தேன்: மெல்லிய வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் தீற்றல், லேசான இனிப்பு வாசம். பக்கவாட்டில் பார்த்தால் புறா பறப்பது போலவே இருப்பதால் புறா ஆர்க்கிட் என்கிறார்கள். மொட்டு பாதி வளர்ந்து அப்படியே உறங்கிக் கிடக்குமாம், மழையில் வெப்பம் சட்டென்று 5 டிகிரிக்கு மேல் இறங்கினால்தான் விழிக்கும். அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒரே நாளில் விரிவதால் தேனீக்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மகரந்தம் கொண்டுபோக வசதி. நான் வேலை முடிந்து சாயங்காலம் திரும்பும்போது எல்லாம் துவண்டு தொங்கிக்கொண்டிருந்தன.

அப்புறம் கண் தானாகத் தேட ஆரம்பித்துவிட்டது. ஏப்ரல் வாக்கில் சாலையோரத்து டிரம்பெட் மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு ரோஸ் நிறத்தில் பூக்கும், எல்லோரும் ஜப்பானியச் செர்ரிப் பூ மாதிரி, சகுரா என்று படம் எடுப்பார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது தெம்புசு. சிங்கப்பூர் 5 வெள்ளி (டாலர்) நோட்டின் பின்பக்கம் இருக்கிறதே, பூமலை என்கிற தாவரவியல் பூங்காவில் நிற்கும் மரம், அதே ஜாதி. மே மாதம் இருட்டும் நேரத்தில் அதன் அடியில் நடந்து பாருங்கள், பூவை நிமிர்ந்து பார்க்கவே வேண்டாம், மணம் தெருமுனையிலேயே வந்து பிடித்துக்கொள்ளும்.

பறவை பார்க்க, சுங்கை பூலோ சதுப்புநிலத்துக்கு ஏப்ரல் முதல் பாதிக்குள் போய்விடுவது நல்லது. செப்டம்பர் வாக்கில் வந்து சேர்ந்த உப்புக்கொத்திகள் வடக்கே சைபீரியா பக்கம் கிளம்பும் சமயம். மங்கலான பழுப்பில் இருந்த பறவை, முதுகில் பொன்புள்ளியும் வயிற்றில் கறுப்புமாக, கல்யாணத்துக்குப் போவதுபோல் ஜோடித்துக்கொண்டு சேற்றில் இரை பொறுக்கும். ஊருக்குப் போகும் அவசரம் எனக்கும் தெரியும் என்பதால், அவற்றை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

குயிலைச் சொல்லாமல் விட முடியாது. ஊரில் போலவே இங்கேயும் காக்கைக் கூட்டில்தான் முட்டையிடும், எங்கள் புளோக்கில் விடியும் முன்னே கத்த ஆரம்பித்துவிடும். தூக்கம் கெடுகிறது என்று சிலர் அலுத்துக்கொள்வார்கள், எனக்கு அந்தக் குரல் கேட்டால்தான் சித்திரை.

போன வியாழக்கிழமை ராத்திரி நல்ல மழை. அம்மாவிடம் சொன்னேன், அவரும் அங்கிருந்து நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார். இந்தச் சனிக்கிழமை ஒன்பதாம் நாள். மகளைச் சீக்கிரம் எழுப்பி பஸ் ஸ்டாப்புக்குக் கூட்டிப் போய் அங்கிருந்தே வீடியோ கால் போட வேண்டும், வெயில் ஏறினால் வாடிவிடும்.