ஒரிஜினல் ஆர்எக்ஸ்தானா? போல்ட்டைக் கேட்டுப் பார்த்தேன்

நீலகிரியில் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் விற்கிற யாரைக் கேட்டாலும் "ஜப்பான் என்ஜின் சார், இதுவரைக்கும் கையே வைக்கல" என்பார்கள். எல்லாரும் சொல்வது உண்மை என்றால் அந்தக் காலத்தில் ஜப்பான்காரர்கள் குன்னூருக்கும் ஊட்டிக்கும் என்ஜின் செய்வதைத் தவிர வேறு வேலையே பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் கேத்தியில் ஒரு 1987 மாடல் கைக்கு வந்ததும், பெயிண்ட், பாலிஷ் என்று இறங்குவதற்கு முன்னால் ஒரு முடிவு எடுத்தேன். எது கம்பெனியிலிருந்து வந்தது, எது வழியில் ஏறியது என்று முதலில் தெரிய வேண்டும். வண்டியை ஓட்டுவதெல்லாம் அப்புறம்.

கொடுத்தவர் ஊட்டி எச்.பி.எஃப்.-இல் (இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை) வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். முதல் கை வண்டி. "சைலன்சரும் சீட்டும்தான் மாத்தினேன் தம்பி, மத்ததெல்லாம் வந்தபடியேதான் இருக்கு" என்றார். பொய் சொல்கிற ஆள் கிடையாது. ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு வண்டியை வைத்திருப்பவருக்கு எந்த மெக்கானிக் எதைக் கழற்றி எதைப் போட்டான் என்று எப்படி நினைவிருக்கும்?

"ஜப்பான்" என்று எதைச் சொல்கிறோம் என்பதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். 1983-இல் எஸ்கார்ட்ஸ் ராஜ்தூத் 350 வந்தது. அது யமஹா ஆர்.டி. 350-இன் இந்திய வடிவம். 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசூகி ஏ.எக்ஸ். 100, 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி. 100, அதே வருஷக் கடைசியில் ஆர்எக்ஸ் 100, 1986-இல் கவாசாகி பஜாஜ் கே.பி. 100. ஆர்எக்ஸின் ஆரம்ப வண்டிகள் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டவை. பிறகு ஒவ்வொரு பாகமாக உள்ளூருக்கு மாறியது. ஆக, ஒரு தேதிக்கு முன் ஜப்பான், பின் இந்தியா என்று கோடு கிழிக்க முடியாது. ஒரே வண்டியில் ஜப்பான் பாகமும் உள்ளூர்ப் பாகமும் சேர்ந்து இருப்பதுதான் அந்த வருஷங்களின் ஒரிஜினல். இதைப் புரிந்துகொள்ளாமல் எல்லாவற்றிலும் "மேட் இன் ஜப்பான்" தேடி அலைகிறவர்கள், கடைசியில் நல்ல கம்பெனி பாகத்தைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள்.

நம்பர்

சேஸிஸ் நம்பர் ஹேண்டில் கழுத்தில் இருக்கும், என்ஜின் நம்பர் அதன் அடிக்கூடான கிராங்க் கேஸில். ஆர்எக்ஸ் 100-க்கு ஒன்று-எல்-ஒன்று (1L1) என்று தொடங்க வேண்டும். மண்ணெண்ணெய் துணியால் அழுக்கை எடுத்துவிட்டு, மெல்லிய தாளை வைத்து இன்சூரன்ஸ்காரர்கள் செய்வதுபோல் பென்சில் பிரிண்ட் எடுத்தேன். கண்ணால் பார்ப்பதைவிடத் தாளில் நிறையத் தெரிகிறது. கம்பெனி அடித்த எழுத்துகள் எல்லாம் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்கும். கையால் பஞ்ச் அடித்தால் ஒரு எழுத்தாவது சாயும், அல்லது ஒரு பக்கம் மட்டும் ஆழமாக விழும். நம்பரை ராவி எடுத்திருந்தால் அந்த இடம் லேசாகக் குழிந்து, வார்ப்பின் சொரசொரப்பு போய் வழவழப்பாகிவிடும். ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வைத்து அடியில் டார்ச் அடித்தால் குழி தெரிந்துவிடும்.

என் வண்டியில் இரண்டு நம்பரும் சுத்தம், இரண்டும் ஒன்றே. ஒரு சின்னத் தலைவலி மட்டும். பழைய ஆர்.சி. புத்தகத்தில் ஒன்று-எல்-ஒன்று என்பதை யாரோ ஐ-எல்-ஐ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பழைய ஆர்எக்ஸ் வாங்குகிறவர்கள் அந்த முதல் மூன்று எழுத்தைப் புத்தகத்தில் ஒருமுறை உற்றுப் பார்த்துவிடுங்கள். பெயர் மாற்றத்துக்குப் போகிற அன்றுதான் அது பெரிய விஷயமாகும்.

இந்த "இரண்டு நம்பரும் ஒன்றா" என்ற கேள்வியை எல்லா ஜப்பான் வண்டிக்கும் கேட்கக் கூடாது. எழுபதுகளின் யமஹா டூ-ஸ்ட்ரோக்குகளில் இரண்டும் ஒன்றாக வரும். ஹோண்டாவில் அப்படியில்லை. 1969-இல் வந்த சி.பி. 750-இன் முதல் 7,414 வண்டிகளுக்குத்தான் இன்றைக்கு உலகமெங்கும் பெரிய விலை. அவற்றின் கிராங்க் கேஸ் சொரசொரப்பாக இருப்பதால் "சாண்ட்காஸ்ட்" என்று பெயர். அவற்றில்கூட என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் பக்கத்துப் பக்கத்து எண்களாக இருக்கலாமே தவிர, ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஹோண்டாவில் இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தினால்தான் நான் சந்தேகப்படுவேன்.

போல்ட்

நம்பரை மாற்ற ஆள் இருக்கிறான், ஸ்டிக்கர் அடிக்க ஆள் இருக்கிறான். போல்ட்டை யாரும் போலி செய்வதில்லை, அதில் காசு இல்லை. அதனால் என் பரிசோதனையில் பாதி நேரம் போனது அங்கேதான்.

ஜப்பான் வண்டியில் 8 மி.மீ. போல்ட்டின் தலைக்கு 12 நம்பர் ஸ்பேனர் சரியாக உட்காரும். நம்மூர் ஹார்டுவேர் கடையில் வாங்கும் 8 மி.மீ. போல்ட்டுக்கு 13 வேண்டும். விஷயம் இவ்வளவுதான். கையில் 12-ஐயும் 13-ஐயும் வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வந்தால், எங்கெல்லாம் கடை போல்ட் ஏறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். நான் சாக்பீஸால் குறித்துக்கொண்டே போனேன். என்ஜினைச் சேஸிஸோடு பிடிக்கிற இடங்களில் முன்பக்கம் 12, பின்பக்கம் 13. அப்படியென்றால் என்ஜின் ஒருமுறையாவது கீழே இறங்கியிருக்கிறது. "கையே வைக்கல" கதை இங்கேயே முடிந்தது.

அடுத்து ஸ்க்ரூ. ஜப்பான் தரத்து ஸ்டார் ஸ்க்ரூ பார்க்க சாதாரண ஸ்டார் மாதிரியே இருந்தாலும் பள்ளத்தின் வடிவம் வேறு. தலையில் சின்னதாக ஒரு புள்ளி இருக்கும். பனியில் ஊறி இறுகிப்போன ஸ்க்ரூவில் நாம் வழக்கமாக வைத்திருக்கும் ஸ்டார் டிரைவரை வைத்துத் திருகினால், டிரைவர் மேலே ஏறி நழுவி, ஸ்க்ரூ தலையைக் கடித்துத் துப்பிவிடும். அப்புறம் மெக்கானிக் உளி வைத்துத் தட்டுவார், அடுத்த முறை அந்த இடத்தில் ஆலன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) வந்துவிடும். என் வண்டியில் மேக்னட் பக்கக் கவர் முழுக்க ஆலன் போல்ட். கிளட்ச் பக்கம் புள்ளி போட்ட ஸ்க்ரூக்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன, தலைகூடச் சிதையவில்லை. மேக்னட் பக்கம் அடிக்கடி திறந்திருக்கிறார்கள், கிளட்ச் பக்கம் அதிகம் போகவில்லை என்று எடுத்துக்கொண்டேன். ஜப்பான் அளவு டிரைவர் ஒன்று வாங்கி, ஸ்க்ரூ தலையில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திருகினால் அழகாக வருகிறது. பழைய ஜப்பான் வண்டி வைத்திருக்கிறவர்கள் பாலிஷ் வாங்குவதற்கு முன் இந்த டிரைவரை வாங்கலாம்.

வார்ப்புகளில் இருக்கும் எண்களையும் பார்த்தேன். யமஹா பாக எண்ணின் முதல் மூன்று எழுத்து, அந்தப் பாகம் முதன்முதலில் எந்த மாடலுக்காகச் செய்யப்பட்டதோ அதன் குறி. வேறு மாடலின் குறி இருந்தால் உடனே டூப்ளிகேட் என்று கத்த வேண்டாம். பழைய மாடலின் பாகத்தையே கம்பெனி புதிய மாடலிலும் போடுவது உண்டு. ஹோண்டாவில் இந்தக் குறி எண்ணின் நடுவில் வரும். 300 என்று இருந்தால் சி.பி. 750.

பேரல்

பிஸ்டன் ஏறி இறங்குகிற சிலிண்டரைத்தான் பேரல் என்கிறோம். ஆர்எக்ஸ் 100-இன் போரும் (பேரலின் உள் விட்டம்) ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் நகரும் தூரம்) 50 மி.மீ., அதனால்தான் 98 சி.சி. ஆர்எக்ஸ் 135-க்கும் ஸ்ட்ரோக் அதே 50, போர் மட்டும் 58. ஸ்ட்ரோக் ஒன்றாக இருப்பதால் 100-இன் கேஸில் 135 பேரலை ஏற்றுகிற வேலை ஊரெல்லாம் நடக்கிறது. நம்பர் 100 என்றுதான் சொல்லும், மேலே உட்கார்ந்திருப்பது வேறு. ஹெட்டைக் கழற்றாமல் இதில் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது.

குன்னூர் மெக்கானிக் அண்ணன் கூட இருக்க, கழற்றினோம். பிஸ்டன் தலை முழுக்கக் கரி. சுரண்டியதும் சைலன்சர் பக்கம் பார்க்கிற அம்புக்குறி தெரிந்தது, பக்கத்தில் "50" என்று ஒரு எண்.

"பாருங்க, அம்பது. ஸ்டாண்டர்ட் பிஸ்டன்" என்றான் கூட வந்த நண்பன்.

"ஸ்டாண்டர்டுக்கு எதுக்குப்பா நம்பர் போடுறான்? அரை மில்லி ஓவர்சைஸ் அது" என்றார் அண்ணன்.

லேத்தில் போர் கேஜ் வைத்துப் பார்த்ததில் 50.50-ஐத் தாண்டியே காட்டியது. அதாவது வண்டி ஏற்கெனவே ரீபோர் ஆகியிருக்கிறது, தேய்ந்த பேரலைக் கடைந்து பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். ஸ்டாண்டர்ட் போர் அளவும் அரை மில்லி ஓவர்சைஸின் குறியும் 50 என்றே இருப்பதால் இந்த எண்ணைக் காட்டி ஏமாற்றுவது சுலபம். பிஸ்டனை மட்டும் பார்க்காதீர்கள், போரை அளந்து பாருங்கள்.

ஏன் ரீபோர் ஆனது என்பதற்குக் கார்புரேட்டரில் ஒரு துப்பு கிடைத்தது. பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்துகிற ஊசியின் (நீடில்) கிளிப் மேல் பள்ளத்தில் இருக்கிறது, பெட்ரோல் வருகிற துளையான மெயின் ஜெட்டும் சின்னதாக மாற்றப்பட்டிருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று மெலிசு. சமவெளிக்கு வைத்த ஜெட்டில் இங்கே பெட்ரோல் அதிகமாகிப் பிளக் கறுத்துவிடும், மேட்டில் வண்டி திணறும். அதனால் மலை மெக்கானிக்குகள் பெட்ரோலைக் குறைத்துவிடுவார்கள், சரிதான். ஆனால் அதே செட்டிங்கோடு பர்லியாறு, கல்லாறு இறங்கி மேட்டுப்பாளையம் தாண்டி கோவை ரோட்டில் முறுக்கினால், கலவையில் பெட்ரோல் போதாமல் சூடேறி என்ஜின் சீஸ் ஆகும், அதாவது பிஸ்டன் பேரலில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பெரியவரிடம் போனில் கேட்டேன். "பையன் கோயம்புத்தூர்ல காலேஜ் படிக்கிறப்போ கொஞ்ச நாள் வெச்சிருந்தான்" என்றார். அதுக்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

பெயிண்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டேங்க்கில் காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டுகிறது, பட்டி இல்லை. சைட் கவரின் உள்பக்கமும் சீட்டுக்கு அடியிலும் அதே கறுப்புதான். மட்கார்டு உள்பக்கம் துரு. இந்த ஊர் ஈரத்துக்கு அது இல்லாவிட்டால்தான் ஆச்சரியம்.

கோத்தகிரி நண்பனின் ராஜ்தூத் 350-ஐயும் இதே கண்ணோடு பார்த்தோம். அதில் எச்.டி. (ஹை டார்க்), எல்.டி. (லோ டார்க்) என்று இரண்டு ரகம், முதலாவது 30.5 குதிரைத்திறன், பின்னால் வந்தது 27. விற்பவர்கள் எல்லாவற்றையும் எச்.டி. என்பார்கள். இவன் வண்டியில் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக். இந்தியாவில் விற்ற 350-க்கு முன்னாலும் டிரம்தான். கோத்தகிரி இறக்கத்தில் டிஸ்க் நிம்மதி, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் "ஒரிஜினல்" என்று விலை சொல்ல முடியாது. அவன் பழைய டிரம் சக்கரத்தை அட்டத்தில் பத்திரமாக வைத்திருக்கிறான் என்பது தனி.

நண்பர்கள் வின்டேஜ் பதிவு வாங்கலாமே என்கிறார்கள். 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தப்படி அதற்கு முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும், வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் அசல் நிலையில் இருக்க வேண்டும். 1987 வண்டிக்கு 2037 ஆகும். அதுவரைக்கும் இது சட்டப்படி ஒரு பழைய பைக், அவ்வளவுதான். மற்ற வண்டிபோல ஆர்.சி. புதுப்பித்து ஓட்ட வேண்டியதுதான்.

இப்போதைய நிலவரம்: பின்பக்க 13 நம்பர் போல்ட்டுகளுக்குப் பதிலாகப் பழைய 12 தலை போல்ட்டுகள் ஒரு ஸ்கிராப் கடையில் கிடைத்துவிட்டன. தலையில் துரு இருக்கிறது, பிளேட்டிங் போடப் போவதில்லை. மேக்னட் கவர் ஆலன் போல்ட்டுகளை அப்படியே விடுகிறேன். அடிக்கடி திறக்கிற இடம், அங்கே பிடிவாதம் பிடித்து லாபமில்லை. கம்பெனி சைலன்சர் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கிறதெல்லாம் தகடு மெலிந்த டூப்ளிகேட், தட்டினாலே சத்தம் வேறாக வருகிறது. பேரல் அடுத்த வாரம் மேட்டுப்பாளையத்துக்கு லேத் வேலைக்கு இறங்குகிறது. 50.75 பிஸ்டன் சொல்லி வைத்திருக்கிறேன். அது கிடைக்காவிட்டால் 51, அதற்கு மேல் இந்தப் பேரலை அறுக்க விட மாட்டேன்.