சிறு கேம்பருக்கு இழுவை இணைப்பு: ஏற்காட்டுப் பாதையை மனத்தில் வைத்துச் செய்து பார்த்தவை

நான் செய்துகொண்டிருக்கும் கேம்பரின், அதாவது காரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் படுக்கை வண்டியின், அடிச்சட்டமும் அச்சும் சக்கரங்களும் முடிந்து, மேற்கூட்டின் பலகை வேலை நடந்துகொண்டிருக்கும் இந்தக் கட்டத்தில், அதை என் மஹிந்திரா பொலேரோவோடு எந்த வகை இணைப்பால் பூட்டுவது என்ற கேள்விக்கு ஒருவழியாக விடை கிடைத்திருக்கிறது. ஒற்றை அச்சு, இருவர் படுக்கும் அளவு, தண்ணீரும் அடுப்பும் மெத்தையும் ஏற்றிய பிறகும் 700 கிலோவைத் தாண்டாத எடை என்பதுதான் திட்டம். ஓமலூர் நெடுஞ்சாலையில் மட்டும் இழுத்துக்கொண்டு போவதாக இருந்தால் இந்த எடைக்கு இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். ஆனால் வண்டி போக வேண்டிய இடம் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டரில் இருக்கிறது. இடையில் அடிவாரம் வழியாகச் செல்லும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் இணைப்பைப் பதம் பார்ப்பவை வளைவில் விழும் முறுக்கும், இறக்கத்தில் பின்னாலிருந்து வரும் தள்ளலும்தான். கடைகளில் எல்லோரும் முதலில் சொல்வது எத்தனை டன் இழுக்கும் என்பதை. எனக்கு அது கடைசியாகப் பார்க்க வேண்டிய எண்ணாகவே பட்டது.

சங்ககிரி சாலையில் லாரிக்கும் டிராக்டர் டிரெய்லருக்கும் வேலை செய்யும் ஒரு பட்டறையில்தான் இந்தப் பேச்சு தொடங்கியது. அங்கிருந்த பெரியவர் கேம்பரின் வரைபடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "எதுக்கு சார் இவ்ளோ யோசனை? டிராக்டருக்குப் போடற பின்னுக் கொக்கியவே போட்டுடலாமுங்க. கரும்பு லோடே இழுக்குது, இந்தப் பொட்டி வண்டி எந்த மூலைக்கு?" என்றார். "இழுக்கறதுல சந்தேகமே இல்லீங்கண்ணே, பின்னுக்கும் ஓட்டைக்கும் நடுவுல இருக்கற ஆட்டம்தான் எனக்கு இடிக்குது" என்றேன். அவர் அருகில் கிடந்த ஒரு கொக்கியில் பின்னைச் செருகி, வளையத்தைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிக் காட்டினார். ஒரு விரல் நுழையும் அளவுக்கு அது ஓடியது. டிராக்டர் மெதுவாகப் போகிற வண்டி, அதற்கு அந்த ஆட்டம் ஒரு பொருட்டல்ல. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது, ஒவ்வொரு முறை பிரேக்கில் கால் வைக்கும்போதும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதும் அந்த ஒரு விரல் இடைவெளி ஓர் இடியாக மாறி சேஸில் இறங்கும். ராணுவ ஜீப் டிரெய்லர்களில் காணப்படும் பின்டில் கொக்கியும் வளையமும் எந்தப் பக்கம் திரும்பினாலும் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆட்டமும் சத்தமும் அதிலும் அப்படியே இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் காட்டுவழிகளுக்கென்றே செய்யப்படும், மூன்று திசையிலும் சுழலும் கப்ளர்கள் (டிரெய்லரின் முனையில் இருக்கும் பூட்டுகள்) என் மனத்தைக் கவர்ந்தவை. ஒரு புஷ் தேய்ந்தால் அதற்காகக் கப்பலை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால் ஒதுக்கிவிட்டேன். வில் கம்பிகளால் பாரத்தை முன்சக்கரத்துக்குக் கடத்தும் வகை, கனத்த கேரவன்களுக்கானது. பள்ளமும் மேடுமாக மடியும் பாதையில் அந்தக் கம்பிகளே அளவு மீறிய அழுத்தத்தைச் சட்டத்தின்மீது ஏற்றிவிடும் என்பதால் 700 கிலோ வண்டிக்கு அது வேண்டாத வேலை.

ஆக, மிஞ்சியது இழுக்கும் வண்டியின் பின்னால் நிற்கும் சாதாரண உருண்டையும், டிரெய்லரிலிருந்து அதைக் கவ்விப் பிடிக்கும் கப்ளரும். இதில் கவனிக்க வேண்டியது அளவு. ஐரோப்பிய வழக்கில் உருண்டை 50 மில்லிமீட்டர். அமெரிக்க வழக்கில் 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர். கடைக்காரர்கள் இரண்டையும் ஒன்றென்றே சொல்லி விற்கிறார்கள். 50 மில்லிமீட்டர் உருண்டையை 2 அங்குலக் கப்ளருக்குள் வைத்தால் அது தளர்ந்து ஆடும். மாற்றி வைத்தால் தாழ்ப்பாள் முழுதாக இறங்காது. அதனால் வெர்னியர் அளவுகோலைக் கையோடு கொண்டுபோய் அளந்து பார்த்தே இரண்டையும் 50 மில்லிமீட்டரில் வாங்கினேன். தேய்மானத்தில் 49 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் உருண்டையை மாற்றிவிட வேண்டும். வலிமைக்கு ஐரோப்பியர்கள் டி-மதிப்பு என்ற கணக்கை வைத்திருக்கிறார்கள்: இழுக்கும் வண்டியின் எடையையும் டிரெய்லரின் எடையையும் டன்னில் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81ஆல் பெருக்க வேண்டும். ஆளும் சாமானும் ஏற்றிய பொலேரோவுக்கு 2.2 டன், கேம்பருக்கு 0.7 டன் என்று வைத்தால் 5.2 கிலோநியூட்டன் வருகிறது. நான் வாங்கிய கப்ளரில் பொறித்திருப்பது இதைவிட நன்றாகவே அதிகம் என்பதால் அந்தக் கவலை அத்தோடு முடிந்தது.

உருண்டையைத் தாங்கும் ரிசீவரைப் பம்பரில் மாட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது பார்வைக்கு மட்டும்தான் உதவும். பொலேரோ ஏணிச் சட்ட வண்டி, அதாவது ஏணி போன்ற தனிச் சேஸின்மேல் உட்காரும் வண்டி, என்பது இங்கே கைகொடுத்தது. இரு பக்கச் சட்டங்களின் நிமிர்ந்த முகத்தில், மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொடாமல் துளையிட்டு, உட்புறம் தாங்கு தகடு கொடுத்து, 8.8 தர போல்ட்களால் இறுக்கினோம். சேஸில் வெல்டிங் வைக்க வேண்டாம் என்று நான் சொன்னபோது பெரியவர் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார். லாரிச் சட்டங்கள் எங்கே கீறல் விடும் என்பதை என்னைவிட அதிகம் பார்த்தவர் அவர்.

அதிக நேரம் பிடித்தது முன்பாரம்தான், அதாவது டிரெய்லரின் முனை உருண்டையின்மீது அழுத்தும் எடை. மாட்டு வண்டியில் பாரம் ஏற்றிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை: முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து அழுந்தும், பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே தூக்கும். கேம்பரில் பின்பாரம் மிஞ்சினால் வேகத்தில் அது வாலை ஆட்டத் தொடங்கும். ஒருமுறை பெரிதாக ஆடத் தொடங்கிவிட்டால் ஓட்டுநரால் அதை நிறுத்துவது கடினம். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு உருண்டையின்மீது விழ வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அதாவது 70 கிலோ. இதை அளக்கத் தனிக் கருவி தேவைப்படவில்லை. சமதளமான சிமெண்ட் தரையில் வீட்டு எடை இயந்திரத்தை வைத்து, அதன்மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கப்ளர் வழக்கமாக நிற்கும் உயரத்திலேயே கட்டையின் தலையில் உட்காரும்படி ஜாக்கி சக்கரத்தை (டிரெய்லரின் முனையைத் தாங்கி ஏற்றி இறக்கும் சிறு சக்கரம்) சுற்றி முனையை இறக்க வேண்டும். ஜாக்கி சக்கரம் தரையை விட்டு எழும்பிய நொடியில் முள் நிற்கும் இடம்தான் முன்பாரம். கட்டை ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்தாலும் எண் மாறுகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிறகு, உருண்டையின் உயரத்தையும் அலட்சியமாக விடக் கூடாது என்று தோன்றியது. வண்டி சுமையோடு நிற்கும்போது டிரெய்லரின் சட்டம் ரசமட்டத்தில் சரியாகப் படுக்கும்படி, தாழ்ந்த கழுத்துள்ள தாங்கியை வைத்து உயரத்தைச் சரிசெய்தேன்.

எடையெல்லாம் மணல் மூட்டைகளால் நிரப்பிய சோதனை என்பதால் மூட்டைகளை நகர்த்தி நகர்த்திப் பார்க்க முடிந்தது. உருண்டையிலிருந்து அச்சு வரை 2.6 மீட்டர். 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால் வைப்பதாக முதலில் வரைந்திருந்தேன். அப்படி வைத்தால் தொட்டி நிறையும்போது முன்பாரத்தில் ஏறக்குறைய 21 கிலோ குறைந்துவிடும். காலித் தொட்டியோடு மலையேறி, மேலே நிரப்பிக்கொண்டு இறங்கும் ஆளுக்கு இது நேர் எதிரான ஏற்பாடு என்பதால் தொட்டியை அச்சுக்கு மேலேயே கொண்டுவந்தேன். ஏற்றத்தின் விளைவும் கணக்கில் உண்டு. டிரெய்லரின் எடைமையம் உருண்டையைவிட உயரத்தில் இருப்பதால், ஏறும்போது பாரம் பின்னால் சாய்கிறது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில், எடைமையம் 30 சென்டிமீட்டர் மேலே இருந்தால், 70 கிலோ முன்பாரத்தில் 8 கிலோ கழிந்துவிடும். இறங்கும்போது அதே அளவு கூடும், பிரேக் பிடித்தால் இன்னும் கூடும். 70 என்று தொடங்கினால் இரண்டு பக்கமும் தாங்குகிறது. 40 கிலோவில் தொடங்கியிருந்தால் ஏற்றத்தை நினைத்தே எனக்குத் தூக்கம் வந்திருக்காது.

டிரெய்லருக்குப் பதிவு எண் வரும்வரை பொதுச்சாலையில் இழுக்க முடியாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். அதனால் கண்ணங்குறிச்சிப் பக்கம் நண்பரின் காலி நிலத்தில் சுண்ணாம்புப் பொடியால் ஒரு கொண்டை ஊசி வளைவை வரைந்து அதில்தான் சுற்றிப் பார்த்தேன். நாம் இடதுபக்கம் ஓட்டுவதால், இடதுபுறம் திரும்பும் வளைவில்தான் உள்ளோரத்தின் குறுகலான பகுதி நமக்கு வாய்க்கிறது. வண்டியின் பின்னச்சு 5 மீட்டர் ஆரத்தில் சுற்றினால் டிரெய்லரின் அச்சு 4.4 மீட்டரில் சுற்றுகிறது. அதாவது உள்பக்கம் 60 சென்டிமீட்டர் வெட்டிச் செல்கிறது. சுண்ணாம்புக் கோட்டில் பதிந்த சக்கரத் தடமும் இதையேதான் காட்டியது. மலைப்பாதையில் அந்த 60 சென்டிமீட்டரில் வடிகால் இருக்கும். டிராபாரை, அதாவது டிரெய்லரின் முன்னால் நீளும் இழுவைத் தண்டை, நீளமாக்கினால் வெட்டு கூடும். குட்டையாக்கினால் பின்னோக்கி எடுக்கும்போது சட்டென்று மடியும், சட்டத்தின் தோள் பம்பரில் இடிக்கும். 2.6 மீட்டரை விட்டுக் கொடுக்காமல் இருந்ததற்குக் காரணம் இதுதான். பொலேரோவின் பின்கதவு ஸ்டெப்னியைச் சுமந்துகொண்டு பக்கவாட்டில் திறப்பதால், ஜாக்கி சக்கரத்தின் கைப்பிடி அதன் பாதையில் குறுக்கே நின்றது. அதைக் கழற்றி மடக்கும் வகையாக மாற்றியதும் கதவு முழுதாகத் திறந்தது. கொண்டை ஊசியில் வண்டி மேல் சாலையில் ஏறிவிட்ட பிறகும் டிரெய்லர் கீழ்ச் சாலையிலேயே இருக்கும் அந்த முறுக்கைப் பார்க்க, வண்டியின் ஒரு பின்சக்கரத்தின் கீழ் 15 சென்டிமீட்டர் பலகைகளை அடுக்கி, கப்ளரின் உதடு எங்கேனும் உருண்டையின் கழுத்தைத் தொடுகிறதா என்று கீழே படுத்துப் பார்த்தேன். இடைவெளி தாராளமாக இருந்தது.

இனி பிரேக். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோ வரை பிரேக் இல்லாத டிரெய்லரை அனுமதிக்கிறார்கள். என் கேம்பர் அந்த எல்லைக்குள் வந்தாலும், ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது 700 கிலோவை முன்வண்டியின் பிரேக்கே சுமப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கப்ளருக்குள்ளேயே அமைந்த ஓவர்ரன் பிரேக் எளிமையானது. டிரெய்லர் முன்னால் தள்ளும்போது கப்ளர் தண்டு உள்ளே அமுங்கி, கேபிள் வழியாகச் சக்கரங்களைப் பிடிக்கும். மின்சாரமே வேண்டாம். ஆனால் இரண்டாம் கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கும்போது டிரெய்லர் ஓயாமல் தள்ளிக்கொண்டேயிருக்கும். அதனால் மலை இறங்கி முடியும்வரை அதன் பிரேக் ஓயாமல் உரசிச் சூடேறும். ஏற்றத்தில் வேறொரு குறை: வளைவில் ஒரு பேருந்துக்காக நின்றுவிட்டால் தண்டு இழுபட்ட நிலையில் இருப்பதால் டிரெய்லரின் பிரேக் பிடிக்கவே பிடிக்காது. இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை மாலையில் அதை நம்பி வளைவுக்குள் நுழைய எனக்குத் துணிச்சல் இல்லை.

டிரைவர் பக்கத்தில் இருக்கும் ஒரு கண்ட்ரோலர் மின்சாரத்தால் டிரெய்லரின் சக்கரங்களைப் பிடிக்கவைக்கும் எலெக்ட்ரிக் பிரேக்கில் இரண்டு குறையும் இல்லை. பெடலை மிதித்தால் ஏற்றத்திலும் டிரெய்லர் தன் பங்குக்குப் பிடித்துக்கொள்ளும்; இறக்கத்தில் கியரில் இறங்கும்போது சும்மா இருக்கும்; தேவைப்பட்டால் கண்ட்ரோலரின் விசையை மட்டும் அழுத்தி டிரெய்லரைத் தனியாகப் பிடித்து, விட்டு, ஆறவைத்து இறங்கலாம். வால் ஆடத் தொடங்கினாலும் அதே விசைதான் மருந்து. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 6 ஆம்பியர் அளவே தேவைப்படும் என்றாலும், நீள ஒயரில் மின்னழுத்தம் குறைந்தால் பிடி தளரும் என்பதால் பேட்டரியிலிருந்து பின்பம்பர் வரை 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர்) ஒயரைத் தனியாக இழுத்தேன். எர்த்துக்கும் தனி ஒயர்தான். கிரீஸ் பூசிய உருண்டை வழியாக எர்த் வந்து சேரும் என்று நம்புவதற்கில்லை. இணைப்பு கழன்றால் தானாகவே பிரேக் பிடிக்க ஒரு சிறு பேட்டரியும் இழுபட்டால் வேலை செய்யும் சுவிட்சும் டிராபாரில் ஏறிவிட்டன. சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்குக் கீழே குறுக்காக மாட்டியிருக்கிறேன். கப்ளர் விழுந்தாலும் அவற்றின்மேல் தங்கும், தரையைத் தொடாது.

பூட்டிய பிறகு நான் விடாமல் செய்யும் ஒரு சோதனை உண்டு. தாழ்ப்பாள் விழுந்த சத்தத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், ஜாக்கி சக்கரத்தை மறுபடியும் இறக்கி, வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் மேலெழும் வரை சுற்றுகிறேன். கப்ளர் உருண்டையைக் கவ்வியிருந்தால் பொலேரோவின் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகள் முனகிக்கொண்டு உயரும். கவ்வாமல் மேலே சும்மா உட்கார்ந்திருந்தால் கப்ளர் மட்டும் தனியே எழும்பி வரும்.

அச்சை வாங்கும்போதே பிரேக் தகடு பொருத்தும் விளிம்போடு கேட்டு வாங்கியிருந்ததால் டிரம்களைப் பொருத்துவதில் சிக்கல் எதுவும் இல்லை. அடுத்த வேலை, பிரேக் பெடல் சுவிட்சின் ஒயரைக் கண்டுபிடித்து அதிலிருந்து கிளை எடுத்து, கண்ட்ரோலரை டாஷ்போர்டின் கீழே, கியரை விட்ட இடது கை பார்க்காமலே போய்த் தொடும் இடத்தில் பொருத்துவது.