பெயர் எழுதப்படாத பப்கள்

கிழக்கு லண்டனில் உள்ளூர் வரலாற்று ஆவணக் காப்பகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். வீடு, பள்ளி, கல்லறை என்று எதையெதையோ கேட்டுக் கடிதங்கள் வரும். நான் முதலில் கையில் எடுப்பது மறைந்துபோன பப்களைப் பற்றியவற்றை. “கொள்ளுத்தாத்தா ராயல் ஓக் என்ற பப் நடத்தினாராம், அது எங்கே இருந்தது?” என்று கேட்டிருப்பார்கள். 1651இல் வூஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ் ஓர் ஓக் மரத்தில் ஒளிந்து உயிர் தப்பினார். அவர் அரியணை ஏறிய பிறகு அந்த மரத்தின் பெயர் நாடெங்கும் பப்களுக்கு வந்தது. லண்டனிலேயே பல ராயல் ஓக்குகள் இருந்தன. பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் ஊரைச் சுற்ற வேண்டியதுதான்.

கதவு எண்ணையும் நம்ப முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் பல தெருக்களில் எண்களை மாற்றினார்கள். 1930களில் நகர நிர்வாகமான லண்டன் கவுன்ட்டி கவுன்சில் ஏராளமான தெருக்களின் பெயரையே மாற்றியது. தெரு மூலை மட்டும்தான் மாறாது. பழைய தபால் அலுவலக டைரக்டரிகள் தெருவில் உள்ள கடைகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, நடுவே ‘இங்கே இன்ன தெரு’ என்று குறிக்கும். அந்தக் குறிப்பை ஒட்டிய வரியில் பப் இருந்தால் அது மூலைக் கட்டடம். அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பெரிய அளவு வரைபடத்தில் அதே மூலையில் ‘பி.ஹெச்.’ (பப்ளிக் ஹவுஸ், அதாவது பப்) என்ற எழுத்துகளும் இருந்துவிட்டால் இடம் உறுதி.

பிறகு ஆளைத் தொடர வேண்டும். டைரக்டரிகளை ஆண்டுவாரியாகப் புரட்டும்போது ஓர் ஆணின் பெயர் நெடுங்காலம் வரும். அப்புறம் அதே குடும்பப் பெயர், முன்னால் ‘திருமதி’. கணவர் இறந்து, உரிமம் மனைவியின் பெயருக்கு மாறியிருக்கிறது. இந்த விதவைகளை நான் விடுவதே இல்லை. குடும்பத்தார் ‘தாத்தாவின் பப்’ என்று சொல்லிவந்ததைப் பாட்டி தனியாகப் பல ஆண்டுகள் கட்டிக் காத்திருப்பார்; பதில் எழுதும்போது அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிடைத்தால் அதே கூரையின் கீழ் தங்கி வேலை செய்த பணிப்பெண்களும் கண்ணில் படுவார்கள். 1931ஆம் ஆண்டின் ஏடுகள் 1942இல் தீயில் போயின. போர் காரணமாக 1941இல் கணக்கெடுப்பே இல்லை. அந்த இடைவெளியில் 1939இல் எடுத்த மக்கள் பதிவேடு ஓரளவு உதவும்.

ஆனால் என்னை விடாமல் பிடித்திருப்பவை பியர்ஹவுஸ்கள். 1830ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரி கட்டும் வீட்டுக்காரர் எவரும் ஆண்டுக்கு இரண்டு கினி (இரண்டு பவுண்டு இரண்டு ஷில்லிங்) செலுத்தினால், நீதிபதியின் அனுமதி இல்லாமலே பியர் விற்கலாம். ஆயிரக்கணக்கானோர் வீட்டின் முன்னறையைக் கடையாக்கினார்கள். 1869இல்தான் நீதிபதிகளின் அனுமதி மறுபடி கட்டாயமானது. டைரக்டரியில் இவர்களுக்கு ஆளின் பெயரும் ‘பியர் சில்லறை வியாபாரி’ என்ற அடையாளமும்தான். கடைக்குப் பெயர் தந்திருக்க மாட்டார்கள். தெருவுக்கு அந்தப் பெயர் தெரியும், டைரக்டரி தயாரித்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. அதனால் சாட்சிகளின் வாய்மொழியைத் தேடிப் போகிறேன். லண்டனின் குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியின் வழக்கு விசாரணைப் பதிவுகள் 1674 முதல் 1913 வரை உள்ளன. அன்று இரவு எங்கே குடித்தேன், யாரோடு வெளியே வந்தேன் என்று ஒரு மூட்டை தூக்குபவர் சொல்லும்போது பப்பின் பெயர் தானாக வந்து விழும்.

குடிக்கிற இடத்தின் வரலாற்றுக்கு இத்தனை பாடா என்று ஊரிலிருந்து அத்தை ஒருமுறை கேட்டார். குடி குடும்பத்தைக் கெடுத்ததைக் கண்டவர் அவர். இங்கும் அது கெடுத்தது, மறுக்க மாட்டேன். ஆனால் பப்பின் மாடியறையில்தான் தொழிற்சங்கம் கூடியது. சவச்செலவுக்கு வாரம் சில பென்னி சேர்த்த சங்கங்கள் அங்கேதான் பணம் வாங்கின. முதலாளிகள் வேலைக்குக் கூப்பிடுவார்களா என்று வேலையில்லாத தையல்காரர்கள் காத்திருந்த பப்கள் உண்டு. தெருவில் ஒருவர் அகாலமாக இறந்தால் மரண விசாரணையும் பெரும்பாலும் அங்கேதான். வேறு தகுந்த இடம் இருந்தால் பப்பில் நடத்தக் கூடாது என்று 1902ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லும்வரை அப்படியே நடந்தது. ஓரறை வீட்டில் ஆறேழு பேர் வாழ்ந்தவர்களுக்கு நாலு பேர் கூட வேறு கூரை ஏது?

உரிமத்தில் ஒரு பெயர், ஊர் வாயில் வேறொரு பெயர் என்பதும் உண்டு. கிழக்கு லண்டனின் லைம்ஹவுஸில் கப்பல்துறைக்கு அருகே ரயில்வே டாவர்ன் என்ற பப் இருந்தது. மாலுமிகள் கொண்டுவந்த விசித்திரப் பொருள்களால் அதை நிரப்பிய உரிமையாளர் சார்லி பிரவுன் 1932இல் இறந்தார். பப்பை அவர் பெயராலேயே அழைத்தார்கள். சேகரிப்பு மகளுக்கும், எதிரே பப் வைத்திருந்த மகனுக்குமாகப் பிரிந்தது. பிற்பாடு மகன் உட்ஃபோர்ட் பக்கம் நடத்திய பப்பையும் சாலைப் பணிக்காக 1972இல் இடித்தார்கள். லைம்ஹவுஸ் கட்டடம் 1989இல் போனது. இரண்டும் போன பிறகும் உட்ஃபோர்டில் ‘சார்லி பிரவுன்ஸ் ரவுண்டானா’ இருக்கிறது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு உட்ஃபோர்டில் மட்டும் தேடுபவருக்கு லைம்ஹவுஸ் கண்ணில் படாது.

என் வேலை வெறும் ஏக்கத்துக்குத் தீனி என்று யாராவது சொன்னால் கில்பர்னில் இருக்கும் கார்ல்டன் டாவர்னைக் காட்டுவேன். 1920களின் தொடக்கத்தில் கட்டிய அந்தப் பப்பை உரிமையாளர்கள் 2015இல் அனுமதியின்றி இடித்துத் தள்ளினார்கள். இருந்தபடியே திரும்பக் கட்டு என்று வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் உத்தரவிட்டது. பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிப்பதற்கான ஆய்வு அப்போது நடந்துகொண்டிருந்ததால், உள்ளும் புறமும் புகைப்படங்களும் டைல்ஸின் அச்சுகளும் எடுத்துவைக்கப்பட்டிருந்தன. எப்படி இருந்தது என்று காட்ட முடிந்ததால்தான் திரும்பக் கட்டவும் முடிந்தது. 2021இல் கதவு திறந்தது. ஆகவே பழைய பப்பைப் பற்றிக் கேட்டு வருபவர்களிடம், இன்று அவர்கள் தெருவில் மூடிக் கிடக்கும் பப்பின் உள்ளறையையும் படமெடுத்து, பின்னால் தேதியும் தெருவின் பெயரும் எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன். சிலர் கொண்டுவந்து தருகிறார்கள்.