கடைசியாக வருபவனுக்கும் ஒரு புள்ளி

மலேசியாவில் ஒரு தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியில் உடற்கல்வி போதிக்கிறேன். ஆண்டு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்தது, பிள்ளைகளை இல்லங்கள் என்னும் அணிகளாகப் பிரித்து நடத்தும் இல்ல விளையாட்டுப் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் வரும், எல்லாப் பிள்ளைகளும் பங்கெடுக்கும் சுக்கான்தாரா என்னும் தடகள நாள்கள்தான். போட்டி நாளில் கூடாரம் இருக்கும், ஒலிபெருக்கி இருக்கும், மைலோ பானம் தரும் வேன் வந்து நிற்கும். ஆனால் அது வேகமாக ஓடக்கூடிய சில பிள்ளைகளின் நாள். மற்றவர்கள் நிழலில் உட்கார்ந்து கை தட்டுவார்கள்.

சுக்கான்தாராவில் யாரும் யாரையும் முந்த வேண்டியதில்லை. ஓட்டம், நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் என்று ஒவ்வொன்றுக்கும் வயதையும் ஆண், பெண் வேறுபாட்டையும் பொறுத்து அளவுகள் உண்டு. பிள்ளை எந்த அளவை எட்டுகிறதோ அதற்கேற்ப மூன்று, இரண்டு, ஒன்று என்று புள்ளி கிடைக்கும். எங்கள் பள்ளியில் முயன்று பார்க்கும் எல்லாருக்கும் ஒரு புள்ளியாவது நிச்சயம். அந்தப் புள்ளி பிள்ளையின் இல்லத்துக்குப் போய்ச் சேரும். சிவப்பு இல்லம் வெல்வதும் தோற்பதும் கடைசியாக மூச்சிரைக்க வந்து சேரும் பையனையும் பொறுத்தது.

ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். கனத்த உடம்பு. பந்து விளையாட அணி பிரிக்கும்போது எப்போதும் கடைசி வரை நிற்பவன் அவன்தான். யாரும் அவனைத் திட்டியதில்லை, கேலி செய்ததும் இல்லை. அவன் அங்கே இருப்பதாகவே யாரும் காட்டிக்கொண்டதில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. குண்டு எறியும் முறை வந்தபோது கால்சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, குண்டைக் கழுத்தோரம் வைத்துத் தள்ளினான். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த மாணவி எண்ணைப் படித்தாள். மூன்று புள்ளி. அவனுடைய இல்லத் தலைவன் நேராக மேசைக்கு ஓடி வந்து, பதிவேட்டில் அந்த எண்ணை எட்டிப் பார்த்தான். பிறகு அவனிடம் போய், "நாளைக்கு நீளம் தாண்டுதலுக்கும் வந்துவிடு, மறந்துவிடாதே" என்றான். இருவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்தத் தலைவன் இவனிடம் ஒன்று கேட்டு நான் பார்த்தது அதுவே முதல் முறை.

பிறரை மதிக்க வேண்டும் என்று திங்கட்கிழமை சபைகூடலில் நாங்களும் பேசுகிறோம். நன்னெறிக் கல்விப் பாடத்திலும் அது இருக்கிறது. பேச்சு தேவைதான். ஆனாலும் ஒருவனுடைய உழைப்பு நமக்கும் வேண்டியிருக்கிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரியவரும் கணத்துக்கு எந்தப் பேச்சும் ஈடாகாது.

எங்கள் பள்ளி இருப்பது பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்தில். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் மரங்கள் நின்ற இடங்களில் இன்று பெரும்பாலும் செம்பனைதான். தோட்டத்தில் வேலை செய்யும் பெற்றோர் சிலர் இன்னும் இருக்கிறார்கள். மற்றவர்கள் ஈப்போ பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு விடியுமுன்பே பஸ் ஏறிவிடுகிறார்கள். பிள்ளையை எழுப்பி, சீருடை மாட்டி அனுப்புவது பாட்டிதான். பசியாறாமல் வரும் பிள்ளைகள் அதிகம். வெறும் வயிற்றோடு வந்தவனைத் திடலைச் சுற்றி ஓடச் சொல்வது பாவம்.

வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அரசாங்கத்தின் கூடுதல் உணவுத் திட்டம் இருக்கிறது. நல்ல திட்டம். அதை எப்படிப் பரிமாறுகிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நான் முன்பு வேலை செய்த ஒரு பள்ளியில் அந்தப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டிச்சாலையின் ஓரத்தில் தனி மேசை, தனி நிறத் தட்டு. பசித்தாலும் அந்த மேசைக்குப் போக மறுத்த ஒரு சிறுமியை நான் பார்த்திருக்கிறேன். வயிறு நிறைய வேண்டிய இடத்தில் அவளுடைய மனம் குன்றிப் போயிற்று. இங்கே எங்கள் தலைமையாசிரியை முதலில் மாற்றியது அதைத்தான். சிறிய பள்ளி என்பதால் மற்ற பிள்ளைகளின் காலை உணவுச் செலவைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஏற்றுக்கொண்டது. எல்லாருக்கும் ஒரே வரிசை, ஒரே தட்டு. அவித்த முட்டையோடு நாசி லெமாக், இன்னொரு நாள் மீகூன், கூடவே ஒரு துண்டு பப்பாளி. எது அரசாங்கத்தின் தட்டு, எது சங்கத்தின் தட்டு என்று பிள்ளைகளுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

நான்காம் ஆண்டு வகுப்பு முதல் செகாக் என்னும் உடல்திறன் சோதனையும் உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை. அதில் ஒன்று பலகைமேல் ஏறி இறங்குவது. பலகையின் உயரம் 30 சென்டிமீட்டர், தாளம் நிமிடத்துக்கு 96 தட்டு, நேரம் 3 நிமிடம். முடிந்ததும் நாடித்துடிப்பை எண்ண வேண்டும். நான் பிள்ளைகளை இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் நாடியை மற்றவர் எண்ணும்படி சொல்வேன். சற்றுமுன் வரை தள்ளிக்கொண்டு நின்ற இரண்டு பையன்கள், ஒருவன் மணிக்கட்டை மற்றவன் பிடித்துக்கொண்டு உதடு அசைய எண்ணுவார்கள். வியர்த்த கை, நழுவும் விரல். தவறவிட்டால் "பொறு, மறுபடியும் எண்ணுகிறேன்" என்று மெல்லச் சொல்வார்கள்.

இந்தப் பழக்கம் வீடு வரை போகிறது. ஒரு நாள் பள்ளி வாசலில் ஒரு பாட்டி என்னை நிறுத்தினார்.

"டீச்சர், சாயங்காலமானால் என் பேத்தி என் கையைப் பிடித்து எண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். தேத்தண்ணியில் சீனியும் போடவிடுவதில்லை."

"நீங்கள் என்ன சொன்னீர்கள், பாட்டி?"

"என்ன சொல்வது? டீச்சர் சொன்னார் என்கிறாள். நானும் குறைத்துக்கொண்டேன்."

அவருக்கு இனிப்பு நீர் இருக்கிறது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. எங்கள் மாணவர்களில் பலருக்கு வீட்டில் ஊசி போட்டுக்கொள்ளும் தாத்தாவோ கால் விரலை இழந்த மாமாவோ இருக்கிறார்கள். நலக்கல்விப் பாடம் நடத்தும்போது எனக்கு அவர்களின் முகம்தான் நினைவுக்கு வரும்.

இனி, படிப்பில் அடைவு. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். என்னும் அரசாங்கத் தேர்வு 2021இல் நிறுத்தப்படும் வரை, எத்தனை பேர் எல்லாப் பாடங்களிலும் ஏ எடுத்தார்கள் என்று பள்ளி வாசலில் பெரிய பதாகை தொங்கும். தேர்வு போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பெற்றோருக்கு அது ஒரு வெறுமையையும் விட்டுச் சென்றது. "டீச்சர், என் மகன் நன்றாகத்தான் படிக்கிறானா? எப்படித் தெரிந்துகொள்வது?" என்று இன்றும் கேட்கிறார்கள். பிள்ளையின் தேர்ச்சியைக் காட்டும் அடைவுநிலை ஒன்று முதல் ஆறு வரை என்று விளக்கினால் தலையாட்டுவார்கள், முகம் தெளியாது. ஆகவே விளையாட்டில் செய்ததையே பாடத்திலும் செய்யத் தொடங்கினோம். ஆண்டுத் தொடக்கத்தில் பிள்ளை எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் எழுதிவைக்கிறோம். பரிசளிப்பு விழாவில் முதல் நிலை மாணவருக்குப் பரிசு உண்டு. அதே மேடையில், அதே அளவுக் கோப்பையோடு, மிகுதியாக முன்னேறியவருக்கும் உண்டு.

எல்லாருக்கும் புள்ளியும் பரிசும் கொடுத்தால் திறமைசாலிக்கு என்ன மதிப்பு என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஓட்டத்தில் முதலில் வந்தவளுக்குத்தான் பதக்கம். அதில் நானும் கண்டிப்பானவள். 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டு ஓட்டக்காரர் எம். ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றதையும், எம். ராஜமணி 400 மீட்டரில் தங்கம் வென்றதையும், அதே ஆண்டில் நாட்டின் சிறந்த விளையாட்டு வீரராகவும் வீராங்கனையாகவும் அவர்கள் இருவரும் தேர்வானதையும் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் ஓர் ஆண்டையும் நான் முடிப்பதில்லை. ஆனால் எல்லாரையும் தடத்தில் நிறுத்தினால்தானே யார் ஓடுவார் என்று தெரியும்? தம்பியைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று மாலைப் பயிற்சிக்கு ஒருபோதும் பெயர் கொடுக்காத ஒரு பெண், சுக்கான்தாராவில் கட்டாயம் ஓட வேண்டியிருந்ததால் ஓடினாள். என் கையிலிருந்த கடிகாரத்தை நானே நம்பவில்லை. அடுத்த ஆண்டு அவள் மாவட்டப் போட்டியில் பள்ளிக்காக ஓடினாள். தம்பி பயிற்சி முடியும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்து கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

நாட்டில் 150 பேருக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட தமிழ்ப்பள்ளிகள் ஏராளம். அவற்றைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் குறையைத்தான் பேசுகிறார்கள். சிறிய பள்ளியில் எந்தப் பிள்ளையையும் விட்டுவிட்டு அணி அமைக்க முடியாது என்பதை நான் நிறையாகவே பார்க்கிறேன். இதற்கெல்லாம் வேண்டியது ஓர் அளவுநாடா, ஊதல், கோடு போடச் சுண்ணாம்புத் தூள், ஒரு திடல். முதல் மூன்றையும் வாங்கிவிடலாம். நாங்கள் பயன்படுத்தும் திடல் தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தமானது. புல்லை அப்பாமார்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வெட்டிக் கொடுக்கிறார்கள். தோட்டம் கைமாறினால் திடலுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை முதல் பொருளாக வைத்திருக்கிறோம். திடலைப் பள்ளியின் பயன்பாட்டுக்கென்று எழுத்துமூலம் ஒதுக்கித் தரும்படி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதப் போகிறோம். பெற்றோர் அனைவரும் அதில் கையெழுத்திடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.