உயிரோடுதான் இருக்கிறது, உள்ளேதான் விடவில்லை

ஜூன் 9, 2025, திங்கள்

வெள்ளிக்கிழமை எடுத்த உபுண்டு 22.04 இமேஜிலிருந்து (பழைய கிளவுட் மெஷினின் டிஸ்க் நகல், இதை வைத்துப் புது மெஷின்களை உருவாக்கலாம்) முதலாவது மெஷினை இன்று கிளப்பினேன். டாஷ்போர்டில் பச்சை எரிகிறது. தூரத்திலிருந்து உள்ளே நுழைய எஸ்எஸ்ஹெச் போட்டால் சத்தமே இல்லை. இரண்டு நிமிடம் கழித்து 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்'. இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வால்தான் தடுக்கிறது என்று முடிவுகட்டி மதியம் வரை அதிலேயே கிடந்தேன். எஸ்எஸ்ஹெச் நுழையும் வாசலான 22ஆம் போர்ட் திறந்துதான் இருந்தது. அதே விதிகளோடு பழைய மெஷின் ஒழுங்காக ஓடுகிறதே என்று காலையிலேயே யோசித்திருக்கலாம்.

நெட்வொர்க் இல்லாமலே மெஷினின் திரையைக் காட்டும் சீரியல் கன்சோலில் லாகின் கேட்கிறது. எந்தக் கணக்குக்கும் பாஸ்வேர்டு வைக்கவில்லை, எல்லாம் கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலான சாவிக் கோப்பு) மட்டும்தான். போச்சு.

ஜூன் 10, செவ்வாய்

டிஸ்க்கைக் கழற்றி, நன்றாக ஓடும் இன்னொரு மெஷினில் மாட்டி மவுன்ட் செய்தேன். நெட்வொர்க் அமைப்பைச் சொல்லும் நெட்பிளான் கோப்பில் பழைய மெஷினின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) அப்படியே உட்கார்ந்திருக்கிறது. புதிய மெஷினுக்கு வேறு முகவரி. பொருந்தாததால் ஐபியே வாங்கவில்லை. திருத்தி, திரும்ப மாட்டி, பூட் செய்தேன்.

'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு.' நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். டைம்டு அவுட் என்றால் கதவைத் தட்டியது உள்ளே கேட்டதா என்றே தெரியாது. ரெஃப்யூஸ்டு என்றால் வீட்டில் ஆள் இருக்கிறார். 22இல்தான் யாரும் உட்காரவில்லை.

ஜூன் 11, புதன்

மறுபடி டிஸ்க்கைக் கழற்றினேன். மெஷினின் பதிவேடான ஜர்னலில் 'நோ ஹோஸ்ட்கீஸ் அவைலபிள்'. இமேஜ் எடுக்கும் முன் ஹோஸ்ட் கீகளை (மெஷின் தன்னை அடையாளம் காட்டும் சாவிகள்) அழித்தது நான்தான். அது தப்பில்லை, அழிக்காவிட்டால் எல்லா நகலும் ஒரே அடையாளத்தோடு திரியும். முதல் பூட்டில் அவை தானாகப் புதிதாக உருவாகியிருக்க வேண்டும். ஏன் உருவாகவில்லை என்று கேட்காமல், 'எஸ்எஸ்ஹெச்-கீஜென் -ஏ' கட்டளை கொடுத்துக் கையாலேயே உருவாக்கினேன். பலன்: 'பெர்மிஷன் டினைடு, பப்ளிக் கீ'.

பக்கத்து சீட் அக்கா பூட் லாகை எட்டிப் பார்த்தார். "இதுல கிளவுட்-இனிட் வரி ஒண்ணுகூட இல்லையேப்பா?"

இல்லைதான். கிளவுட்-இனிட் என்பது பூட் ஆகும்போது புது மெஷினை அமைத்துக் கொடுக்கும் நிரல். அது ஓடினால் ஐபி விவரங்களைக் கட்டம் போட்டுக் கன்சோலில் அச்சிடும். இல்லாத கட்டத்தை மூன்று நாளாக நான் கவனிக்கவே இல்லை. புதிய நெட்வொர்க் அமைப்பை எழுதுவது, ஹோஸ்ட் கீ உருவாக்குவது, கணக்கில் என் பப்ளிக் கீயைப் போடுவது, மூன்றும் அதன் வேலை. அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடிசி-க்குள் கிளவுட் ஃபோல்டரைத் திறந்தால் 'கிளவுட்-இனிட்.டிசேபிள்டு' என்று ஒரு வெற்றுக் கோப்பு, அது இருந்தாலே கிளவுட்-இனிட் ஓடாது. தேதி மார்ச். பூட் சில நொடி சீக்கிரம் முடியட்டும் என்று நானே போட்டது.

அக்காவிடம் மார்ச் கதையைச் சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

இமேஜுக்கு முன் ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்த நேரத்து நகல்) எடுத்து வைத்திருந்ததால் பிழைத்தேன். அதிலிருந்து மெஷினை எழுப்பி, அந்தக் கோப்பை நீக்கி, பழைய ஓட்டத்தின் தடயங்களை அழிக்கும் 'கிளவுட்-இனிட் கிளீன்' ஓட்டி, மெஷின் ஐடியையும் காலியாக்கி, ஷட்டவுன் செய்து புது இமேஜ்.

புதிய நகலில் எஸ்எஸ்ஹெச் போட்டதும் ஹோஸ்ட் கீ மாறிவிட்டது என்று பெரிய எழுத்தில் அலறியது. ஒரு கணம் வயிற்றைக் கலக்கியது. அப்புறம் பார்த்தால் புதன்கிழமை மெஷினின் ஐபியே இதற்கும் கிடைத்திருக்கிறது. கையால் செய்த கீ என் லேப்டாப்பின் நினைவில் இருக்கிறது. கன்சோலில் இந்த முறை கட்டமும் வந்தது, புதிய ஹோஸ்ட் கீயின் ஃபிங்கர்பிரின்டும் (கீயின் சுருக்க அடையாளம்) வந்தது. இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, லேப்டாப்பில் இருந்த பழைய கீயின் வரியை நீக்கி உள்ளே போனேன்.