வெள்ளைத் திட்டு

எலியின் மூளை ஒரு நெல்லிக்காயை விடச் சற்றுச் சிறியது. அதை ஸ்டீல் அச்சில் வைத்து, பிளேடால் 2 மில்லிமீட்டர் கனத்துக்கு வில்லை வில்லையாக நறுக்கி, டிடிசி என்ற உப்புக் கரைசலில் போடுவோம். அந்தக் கரைசலுக்கு வெளிச்சம் ஆகாது, அதனால் தட்டைச் சுற்றி அலுமினியத் தாள். 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் இருபது நிமிடம். தாளைப் பிரித்தால், உயிரோடு இருந்த பகுதி செங்கல் சிவப்பாகியிருக்கும்; செத்த பகுதி வெள்ளையாகவே கிடக்கும். நிறமில்லாத அந்த உப்பைச் சிவப்பாக்குவது உயிருள்ள செல்லின் மைட்டோகாண்ட்ரியா. செத்த செல்லுக்கு அந்தத் தெம்பு இல்லை.

அந்த வெள்ளைத் திட்டின் பரப்பை அளப்பதுதான் ஆறு வருடம் எனக்குச் சோறு போட்ட வேலை.

எம்.ஃபார்ம் முடித்த கையோடு பெங்களூரில் ஓர் ஒப்பந்த ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தேன். வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகள் மூலக்கூறுகளை அனுப்பும். பெயர் இருக்காது, நம்பர்தான். எலியின் கழுத்து ரத்தக்குழாய் வழியாக, நுனி உருட்டப்பட்ட நைலான் இழையை மூளையின் நடுத்தமனி வரை ஏற்றி, ஒன்றரை மணி நேரம் அடைத்து வைத்து, பிறகு உருவி எடுக்க வேண்டும். பக்கவாதத்தில் மனிதனுக்கு ரத்தக்கட்டி மூளைக் குழாயை அடைத்துப் பிறகு விலகுவதற்கு ஒப்பான ஏற்பாடு. கை பழக எனக்கு நான்கு மாதம் ஆனது. இழை ஒரு மில்லிமீட்டர் கூடப் போனால் குழாய் கிழிந்துவிடும். குறைந்தால் எலி ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து தீனி தின்னப் போய்விடும்.

இரண்டாம் வருடம் ஒரு மூலக்கூறு வந்தது. மருந்து பெற்ற எலிகளில் வெள்ளைத் திட்டு ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியிருந்தது. எந்த எலிக்கு எந்தக் குப்பி என்பது அறுவை செய்த எனக்கே தெரியாத முறையில் நடத்திய சோதனை, அதனால் கை ஏமாற்றவில்லை என்ற நம்பிக்கை. மேடம் அன்று எல்லோருக்கும் கேக் வரவழைத்தார். நான் அந்த வில்லைகளின் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் பின்புலமாக வைத்துக்கொண்டேன். இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

எலி அறையைப் பார்த்துக்கொண்டவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். எட்டாவது வரை படித்தவர். ஒரு நாள் சாயங்காலம் கூண்டுகளுக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டே சொன்னார்: “தம்பி, மஞ்சள் சீட்டு ஒட்டின கூண்டு எலிங்களை மட்டும் கையில எடுத்தா சில்லுன்னு இருக்கு. நீங்க பார்த்தீங்களா?”

நான் பார்க்கவில்லை. அறுவையின்போது எலிக்குக் கீழே சூட்டு மெத்தை, ஆசனவாயில் வெப்பமானி, எல்லாம் ஒழுங்காக இருக்கும். கூண்டுக்குப் போன பிறகு யார் பார்ப்பது? அன்று இரவு தங்கி, மணிக்கொரு தரம் எல்லா எலிகளையும் அளந்தேன். மருந்து பெற்ற அந்த மஞ்சள் சீட்டு எலிகள் 34 டிகிரிக்கு வந்திருந்தன. மற்றவை 37-ஐ ஒட்டி. குளிர்ந்த மூளை மெதுவாகத்தான் சாகும் என்பது இந்தத் துறையில் அரிச்சுவடி. மறுபடி செய்தோம், இந்தத் தடவை கூண்டையும் சூடாக வைத்து. இரண்டு பக்கத்துத் திட்டுகளும் ஒரே அளவு. மூளையைக் காப்பாற்றியது மருந்தின் வேலை என்று நாங்கள் நம்பிக்கொண்டிருக்க, அது செய்ததெல்லாம் எலியைக் குளிர வைத்ததுதான்.

இதில் வெட்கம் என்னவென்றால், எம்கே-801 என்ற மருந்துக்கு ஜெர்பில் என்ற கொறிவிலங்குகளில் இதே கதை நடந்ததை 1990-இலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தக் கட்டுரையை நான் படித்திருந்தேன். ஒரு வகுப்பில் பாடமாகவே எடுத்திருந்தேன்!

அப்புறம்தான் எங்கள் துறையின் கணக்கையே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தேன். 2006-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். பக்கவாதத்துக்கென்று அதுவரை சோதித்துப் பார்த்த சிகிச்சைகள் 1,026. அவற்றில் மனிதர் வரை போனவை 114. எலியிலும் முயலிலும் மூளையைக் காத்தவை ஏராளம்; மனித மூளையைக் காத்தது என்று அந்தப் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேடி எடுப்பது பெரும்பாடு. அதே வருடம் என்எக்ஸ்ஒய்-059 என்ற மருந்து, விலங்குச் சோதனைக்கென 1999-இல் வகுத்த விதிகளுக்கு உட்பட்டு வந்தது என்ற பெயரோடு, மனிதரில் முதல் பெரிய ஆய்வில் ஓரளவு தேறியது. 2007-இல் ஏறக்குறைய 3,300 நோயாளிகளோடு இரண்டாம் ஆய்வின் முடிவு கட்டுரையாக வெளியானபோது, வெற்று மருந்துக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. நரம்புக் காப்பு என்ற சொல்லைக் கேட்டாலே முதலீட்டாளர்கள் முகம் திருப்பிக்கொண்ட காலம் அது.

எங்கள் தளத்திலேயே, லிஃப்டுக்குத் தூரமாக, ஹெர்க் அறை இருந்தது. தூரமாக வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒற்றைச் செல்லின் மேல், ஏறத்தாழ ஒரு மைக்ரான் வாய் கொண்ட கண்ணாடிக் குழலை ஒட்டி மின்னோட்டம் அளக்கிறவர்களுக்கு, லிஃப்ட் கதவு சாத்தினாலே சீல் விட்டுப்போகும். காற்றழுத்தத்தில் மிதக்கும் மேசை. உள்ளே பேசக்கூட மாட்டார்கள். அவர்கள் அளப்பது இதயச் செல், துடிப்பு முடிந்து இளைப்பாறும்போது பொட்டாசியம் வெளியேறும் ஒரு வாசலை. அந்த வாசலுக்குப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. ஈதர் கொடுத்ததும் கால் உதறிய ஒரு பழ ஈயைப் பார்த்து, அந்நாளைய இரவு விடுதி நடனத்தை நினைத்து, அதன் மரபணுவுக்கு ஈதர்-அ-கோ-கோ என்று பேர் வைத்துவிட்டார்கள். மனிதனில் அதற்கு உறவான மரபணுதான் ஹெர்க். மருந்து அந்த வாசலை அடைத்தால் ஈசிஜி-யில் க்யூடி இடைவெளி, அதாவது இதயத்தின் கீழறைகள் ஒரு துடிப்பைத் தொடங்கி இளைப்பாறி முடிக்கும் நேரம், நீளும். நீண்டால் சிலருக்கு இதயத் துடிப்பு கயிறு முறுக்குவது போலத் திருகிக்கொண்டு, சில நிமிடங்களில் ஆளை முடித்துவிடும். தும்மலுக்கும் அரிப்புக்கும் கொடுத்த டெர்ஃபனடின் அப்படித்தான் 1998-இல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது.

என் எலிகளில் உண்மையாகவே, சூடான கூண்டிலும், வேலை செய்த ஒரு மூலக்கூறை அந்த அறைதான் கொன்றது. அங்கே இருந்த நண்பரிடம் கான்டீனில் சண்டைக்கே போனேன். “சாகக் கிடக்கிற மூளைக்கு ஒரு தடவை போடுற ஊசி. அதுக்கு இதயத்தைப் பார்த்து ஏன் பயப்படணும்?” அவர் சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே, “காஸ்ட் படிச்சிருக்கீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

இதயத் துடிப்புக் கோளாறை அடக்கும் மருந்துகளைச் சோதித்த ஓர் ஆய்வின் பெயர் அது. படித்தேன். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களில், இடையிடையே கூடுதல் துடிப்பு வருகிறவர்கள் அதிகம் சாகிறார்கள் என்பது தெரிந்த விஷயம். அப்படியானால் அந்தத் துடிப்பை அடக்கினால் சாவு குறையும், இல்லையா? என்கைனைடும் ஃப்ளெகைனைடும் அருமையாக அடக்கின. டாக்டர்கள் எழுதிக் கொடுத்துக்கொண்டும் இருந்தார்கள். ஆய்வில், மருந்துக்குத் துடிப்பு அடங்கியவர்களாகவே பார்த்து எடுத்து, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 1989-இல் இந்த இரண்டு மருந்துகளையும் நிறுத்த வேண்டியதாயிற்று. சராசரியாகப் பத்து மாதத்தில், மருந்து பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் 26 பேர். ஈசிஜி-யைப் பார்த்தால் மருந்து ஜெயித்துக்கொண்டே இருந்திருக்கும். அந்த எண்களை என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தேன். நண்பரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் அடுத்த வாரம் டீக்கு நான் காசு கொடுத்தேன்.

அதன்பின் கடைசி இரண்டு வருடம் அல்சைமர் என்ற மறதி நோய்க்கான குழுவில். பால்மாவு கலந்து கலங்கலாக்கிய நீர்த்தொட்டியில், கண்ணுக்குத் தெரியாமல் மூழ்கியிருக்கும் மேடையைச் சுண்டெலி எத்தனை வினாடியில் கண்டுபிடிக்கிறது என்று கணக்கு எடுக்கும் வேலை. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுண்டெலிக்கு இயல்பாக அல்சைமர் வருவதில்லை, மரபணுவைச் செருகி வரவழைக்கிறோம், பிறகு குணப்படுத்தினோம் என்கிறோம். 2023-இல் லெகனெமாப் என்ற அல்சைமர் ஊசிக்கு அமெரிக்காவில் முழு அனுமதி வந்தபோது ஊரிலிருந்து போன் மேல் போன். ஒரு வாத்தியார், தன் மனைவிக்கு அந்த ஊசி கிடைக்குமா என்று கேட்டார். மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை அது துடைத்து எடுக்கிறது. பதினெட்டு மாத முடிவில், நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் மருந்துக்கும் வெற்று மருந்துக்கும் இருந்த இடைவெளி 0.45. ஆரம்ப நிலைக்காரர்களுக்கு மட்டும்தான் கொடுக்கிறார்கள். வாத்தியாரின் மனைவி அதைத் தாண்டி வெகு நாள் ஆகிவிட்டது. 0.45 என்றால் வீட்டில் என்ன மாறும் என்று அவர் கேட்டார். மூளை ஸ்கேனில் மாறும் என்று சொல்ல வாய் வரவில்லை.

பக்கவாத ஆய்வுகளிலும் இப்படி ஓர் அளவுகோல் உண்டு. ஸ்காட்லாந்து டாக்டர் ராங்கின் 1957-இல் போட்ட அடித்தளம், பிறகு திருத்தினார்கள். 0 என்றால் ஒரு குறையும் இல்லை. 6 என்றால் ஆளே இல்லை. 2 என்றால் பழையபடி எல்லாம் முடியாவிட்டாலும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வார். 3 என்றால் நடப்பார், ஆனால் சிலவற்றுக்கு ஒரு கை வேண்டும். 2-க்கும் 3-க்கும் நடுவில் இருப்பது என்ன என்று நான் வேலையில் இருந்தவரை யோசித்ததே இல்லை.

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் என் பெரியப்பாவுக்கு ஒரு நாள் விடியற்காலையில் வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்று யாரோ சொல்ல, புறா தேடிப் போயிருக்கிறார்கள். மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மதியம் இரண்டு மணி. கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் ஊசியைப் பக்கவாதத்துக்குப் போட அமெரிக்காவில் 1996-இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. வாதம் வந்ததிலிருந்து முதலில் மூன்று மணி நேரம் என்றிருந்த கெடு, 2008-இல் வந்த ஆய்வுக்குப் பிறகு நாலரை மணி நேரமாகியிருக்கிறது. சிடி எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று பார்த்த பிறகே போட முடியும். பெரியப்பாவுக்குக் கெடு தாண்டிவிட்டது. பெரியம்மா என்னைப் பார்த்து, “நீ இதுக்குத்தானப்பா மருந்து கண்டுபிடிக்கிறே?” என்றாள்.

ஆறு மாதத்தில் நடந்தார். கடைத்தெருவுக்குப் போவார், பேப்பர் படிப்பார். ஆனால் வேட்டி கட்ட முடியவில்லை. ஒரு கையால் இடுப்பில் சுற்றலாம், இறுக்கிச் செருக இன்னொரு கை வேண்டும். தினமும் காலையில் பெரியம்மா கட்டிவிட, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டார், நடுவில் அவிழ்ந்துவிடும் என்று.

போன பொங்கலுக்கு அவருக்கு ஒட்டிக்கோ கட்டிக்கோ வேட்டி இரண்டு வாங்கிப் போனேன். இடது கையால் சுற்றி, பட்டையை அழுத்தினார். சர்ரென்று ஒட்டியது. பிரித்தார், மறுபடி ஒட்டினார். நாலைந்து தடவை. பிறகு திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் என்னைக் காட்டி, “என் தம்பி மகன். பெங்களூர்ல மருந்து ஆராய்ச்சி பண்ணினவன்” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருப் பக்கம் கிளம்பினார்.